தோட்டத்து மேடையிலிருந்து டிவி மேடைக்கு: ரியாலிட்டி நிகழ்ச்சிகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் நான் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள், மீதிப் பேர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது டவுன் பக்கத்து வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்துவிட்ட குடும்பத்துப் பிள்ளைகள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது யாராவது ஒருத்தர் போனை நீட்டி, "அக்கா, ஆடிஷன் அறிவிச்சிருக்காங்க, போகலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே உங்களிடமிருந்து என்ன எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் எதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதல் படி: அது என்ன வகை நிகழ்ச்சி என்று பாருங்கள்

அறிவிப்பு வந்ததும் எல்லாரும் கேட்பது "எந்தப் பாட்டு பாடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால், இந்த நிகழ்ச்சி எதைப் பார்த்து ஆள் எடுக்கிறது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ரியாலிட்டி ஷோ என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே ஐந்தாறு வகை இருக்கிறது, ஒன்றுக்குத் தேவையான திறமை இன்னொன்றுக்கு உதவாது.

நமக்கு நன்றாகத் தெரிந்தது திறமைப் போட்டி. 2001-இல் பிரிட்டனில் 'பாப் ஐடல்' என்று ஆரம்பித்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவுக்குப் போனது, 2004-இல் 'மலேசியன் ஐடல்' என்று இங்கேயே வந்தது. அதன் முதல் பட்டத்தை வாங்கியவர் நம் ஜாக்லின் விக்டர். தமிழில் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' 2006-இல் தொடங்கியது, ஜீ தமிழில் 'சரிகமப' இருக்கிறது, இங்கே மலேசியாவின் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியில் 'பிக் ஸ்டேஜ் தமிழ்', நடனத்துக்கு 'யுத்த மேடை' என்று வந்திருக்கின்றன. 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'தி வாய்ஸ்' மாதிரியில் நடுவர்கள் முதல் சுற்றில் முதுகைக் காட்டி உட்கார்ந்து குரலை மட்டும் கேட்பார்கள். மேடையில் நின்றாலே கைகால் உதறுகிற பிள்ளைக்கு அது நல்ல வகை. மற்றவற்றில் நீங்கள் நடந்து வருவதிலிருந்தே மதிப்பெண் தொடங்கிவிடுகிறது.

இதிலேயே கலப்பு வகை ஒன்று உண்டு. 2003-இல் ஆஸ்ட்ரோவில் வந்த 'அகாடமி பேன்டாசியா' மெக்சிகோ நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்து எடுத்தது. போட்டியாளர்கள் ஒரே இடத்தில் தங்கிப் பயிற்சி எடுப்பார்கள், அதையும் கேமரா பிடிக்கும், ஓட்டு எஸ்.எம்.எஸ்.ஸில் போகும். அந்த மாதிரி இடத்தில் வாரக் கடைசியில் பாடுகிற மூன்று நிமிஷத்தோடு, அறைத் தோழனிடம் எப்படிப் பேசினீர்கள், யார் தட்டைக் கழுவினீர்கள் என்பதும் சேர்ந்துதான் ஓட்டாகிறது. இதெல்லாம் தெரியாமல் பாட்டை மட்டும் தயார் பண்ணிக்கொண்டு போகிற பிள்ளைகள் உண்டு.

அடுத்து வீட்டுக்குள் அடைத்து வைக்கிற வகை. 1999-இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்று பிறந்தது, தமிழில் 2017-இல் கமல்ஹாசன் தொகுத்து வழங்க 'பிக் பாஸ்' ஆனது, 2024-இலிருந்து விஜய் சேதுபதி நடத்துகிறார். 2019-இல் மூன்றாவது சீசனை ஜெயித்து 50 லட்சம் ரூபாய் வாங்கியவர் நம் நாட்டுப் பையன் முகேன் ராவ், அதிலிருந்து இங்கே எல்லாருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. இதில் தனியாக ஒரு திறமையும் கேட்கமாட்டார்கள், உங்களையே கேட்பார்கள். கோபம், அழுகை, தூங்கி எழுந்த முகம், மனசுக்குள் வைத்திருந்த பழைய காதல் கதை, எல்லாம் வெளியே வரும். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் டிவியில் இரவு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஒளிபரப்பாகிறது, அந்த ஒரு மணி நேரம் எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. குணத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னாலே மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கிற ஆளாக இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தாக்குப்பிடிக்கிற வகையைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 1997-இல் சுவீடனில் தொடங்கி, அமெரிக்காவுக்குப் போய் 2000-இல் உலகமே பேசிய 'சர்வைவர்' நிகழ்ச்சியின் முதல் சீசனை எடுத்தது எங்கே தெரியுமா? நம் சபாவில் இருக்கிற புலாவ் தீகா என்கிற தீவில். 16 பேர், 39 நாள், பரிசு பத்து லட்சம் டாலர், கடைசி நாளை அமெரிக்காவில் 5 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதன் சட்டத்தைக் கவனியுங்கள்: கடைசியில் மிஞ்சுகிற இரண்டு மூன்று பேரில் ஜெயிப்பது யார் என்று ஓட்டுப் போடுவது, அதற்கு முன்னால் கடைசிக் கட்டத்தில் வெளியேற்றப்பட்டவர்கள். அதாவது நீங்கள் யாரை வெளியே அனுப்பினீர்களோ அவர்களே உங்களுக்குத் தீர்ப்புச் சொல்வார்கள், முதல் சீசன் 4-க்கு 3 என்றுதான் முடிந்தது. தமிழில் 2021-இல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்தினார், சான்சிபாரில் எடுத்தார்கள். செம்பனைக் காட்டில், அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில், குலை தூக்கிப் பழகிய உடம்புக்கு அந்த வேலை பெரிதில்லை. மனிதர்களைக் கணக்குப் போடுவதுதான் கஷ்டம்.

சமையல் போட்டிக்குப் போகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ரெண்டாங் கதை. 2018-இல் பிரிட்டனின் 'மாஸ்டர்செப்' நிகழ்ச்சியில் மலேசியாவில் பிறந்த ஒரு பெண்மணி நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) கோழி ரெண்டாங்கும் (தேங்காய்ப்பாலில் மெதுவாக வேகவைத்த மசாலாக் கறி) செய்து வைத்தார். தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னார், அந்தச் சுற்றிலேயே அந்தப் பெண்மணி வெளியே போனார். நாடே கொதித்தது, பிரதமர் வரைக்கும் பேசினார்கள். எனக்கும் கோபம்தான். ஆனாலும் முன்னால் நிற்கிற ஆளுக்கு நம் சாப்பாடு தெரியாது என்றால், தட்டை வைக்கும்போதே இது எப்படி இருக்க வேண்டும், ஏன் இப்படி மெத்தென்று இருக்கிறது என்று இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். அதற்கு நான்கு வருஷம் முன்னால், 2014-இல், அதே பிரிட்டன் நிகழ்ச்சியை ஜெயித்த பிங் கூம்ஸ் பிறந்த ஊர் நம் பக்கத்து ஈப்போ. தமிழில் 2019-இல் வந்த 'குக்கு வித் கோமாளி' வேறு தினுசு, அங்கே பக்கத்தில் நிற்கிறவர் பண்ணுகிற கூத்தைத் தாங்கிக்கொண்டு குழம்பையும் அடிப்பிடிக்காமல் இறக்க வேண்டும்.

நகைச்சுவைக்கு 'கலக்கப் போவது யாரு' இருந்தது, சிவகார்த்திகேயன் அதிலிருந்து வந்தவர்தான். வினாடி வினா வகைக்கு 2012-இல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' மாதிரி நிகழ்ச்சிகள் உண்டு, அதற்குப் பேப்பர் படிக்கிற பழக்கம் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: அறிவிப்பு உண்மையா என்று பாருங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற போஸ்டரை நம்ப வேண்டாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், உடைக் கட்டணம் என்று யாராவது முன்பணம் கேட்டால் அதோடு விட்டுவிடுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா, "சென்னையில் நேரடியாக மெகா ஆடிஷன்" என்று சொன்ன ஒருவரிடம் 250 வெள்ளி (ரிங்கிட்) கட்டினார். அது அவருடைய ரப்பர் பால்வெட்டுச் சம்பளத்தில் எத்தனை நாள் வேலை என்று எனக்குத் தெரியும். அந்த ஆளின் போன் மறுவாரமே அடங்கிவிட்டது. ஐ.சி. (அடையாள அட்டை) நகலையும் இப்படிப்பட்டவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

மூன்றாம் படி: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

சிரமமான பாட்டைப் பாடினால்தான் மதிப்பார்கள் என்று ஒரு நினைப்பு நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. உங்கள் குரல் வசதியாக ஏறி இறங்குகிற இடத்தில் இருக்கிற பாட்டு, அதிலும் உங்கள் குரல் அழகு தெரிகிற வரி முதல் அரை நிமிஷத்துக்குள் வந்துவிடுகிற பாட்டு, அதுதான் வேண்டும். நூற்றுக்கணக்கில் கேட்டு ஓய்ந்துபோன காது அதற்குமேல் பொறுமையாக இருக்காது. சரணத்தில்தான் நன்றாக இருக்கிறது என்றால் சரணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், தப்பில்லை. மூன்று பாட்டு தயாராக வையுங்கள்: ஒன்று மெதுவானது, ஒன்று துள்ளலானது, ஒன்று பழசு. "வேற ஏதாவது பாடுங்க" என்று கட்டாயம் கேட்பார்கள், அப்போது மேலே பார்த்து யோசித்துக்கொண்டு நின்றால் பிடித்த நல்ல பெயரும் போய்விடும். அப்புறம் சுருதி. எந்தச் சுருதியில் பாடுகிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். போனில் தம்பூரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

நான்காம் படி: வீடியோ எடுப்பது

முதல் வடிகட்டல் இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான் நடக்கிறது, நம் பிள்ளைகள் அதிகமாகத் தோற்பதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு தம்பி வந்தான். உறுமி மேளக் குழுவில் முன்பாட்டுக்காரன், பத்து மேளம் ஒன்றாக அடித்தாலும் அவன் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அவன் அனுப்ப வைத்திருந்த வீடியோவைப் பார்த்தேன். கோயில் மண்டபத்தில் எடுத்தது, மேலே தகரக் கூரை, காற்றாடி ஓடுகிறது, போனுக்கு ஒரு முழம் தள்ளி நின்று ஊர்வலத்தில் பாடுகிற மாதிரியே பாடியிருக்கிறான். கேட்டால் கரகரவென்று கிழிகிறது. குரலில் ஒரு குறையும் இல்லை, போன் மைக்கால் அவ்வளவு சத்தத்தைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் அவன் வீட்டு அறையில் வைத்து எடுத்தோம். மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தோம், போனுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு போர்வையைத் தொங்கவிட்டோம், எதிரொலி அடங்கிவிட்டது. காற்றாடியை அணைத்தோம். சமையலறையில் ஐஸ் பெட்டி முனகுவது கேட்டது, அதையும் பத்து நிமிஷம் அணைத்தோம். மூன்று மைலோ டின்னை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தோம், அவன் கண் உயரத்துக்குச் சரியாக வந்தது. அவனைத் தரையில் உட்காரச் சொல்லி, "எதிர்ல உன் பாட்டி உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சுப் பாடு தம்பி" என்றேன். மூன்றாவது தடவை பாடினதைக் கேட்டுவிட்டு அவனே, "அக்கா, இது என் குரலா?" என்றான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: சின்ன அறை, நிறையத் துணி, மெஷின் சத்தம் எதுவும் இருக்கக்கூடாது. பாட்டிலேயே சத்தமான வரியைப் பத்து வினாடி பாடிப் பதிவு செய்து, காதில் மாட்டிக் கேளுங்கள், கிழிந்தால் அரை அடி பின்னால் போங்கள். மழை நேரத்தில் எடுக்காதீர்கள், தகரத்தில் நான்கு துளி விழுந்தாலே கெட்டது. காலையில் பத்து மணிவாக்கில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் முகத்துக்குத் தனியாக விளக்கு வேண்டாம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் முகம் கறுத்து ஒன்றும் தெரியாது. எதிரொலி சேர்க்கிற செயலி, குரலைத் திருத்துகிற செயலி எதையும் போடாதீர்கள், நேரில் பாடும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். பெயர், வயது, ஊர், பாட்டு, இவ்வளவையும் பத்து வினாடிக்குள் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பியுங்கள். ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்கட்டும், வெட்டி ஒட்ட வேண்டாம். கடைசியில், வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது அமுக்கப்பட்டு மங்கிவிடும். அவர்கள் கொடுத்த இணைப்பிலேயே மூலக் கோப்பை ஏற்றுங்கள், அப்படி இணைப்பு இல்லாவிட்டால் ஆவணமாக அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் கதையை நீங்களே முடிவு செய்யுங்கள்

விண்ணப்பப் படிவத்திலோ, தேர்வான பிறகு வருகிற போனிலோ ஒரு கேள்வி இருக்கும்: "உங்க வாழ்க்கையில் மறக்க முடியாத கஷ்டம் என்ன?" தோட்டத்திலிருந்து வருகிறோம் என்று தெரிந்தால் அந்தக் கேள்வி இன்னும் ஆழமாக வரும். அப்பா குடிப்பாரா, வீட்டில் கடன் இருக்கிறதா, யாராவது இறந்துபோனார்களா? கேட்கிறவர் கெட்டவர் இல்லை, அது அவருடைய வேலை, பாட்டுக்கு முன்னால் ஒளிபரப்ப ஒன்றரை நிமிஷக் கதை அவருக்கு வேண்டும். ஆனால் அந்தக் கதை ஒளிபரப்பான பிறகு அதோடு நீங்கள் இதே ஊர் பசாரில் நடக்க வேண்டும், உங்கள் தம்பி அதோடு பள்ளிக்கூடம் போக வேண்டும்.

அதனால் போவதற்கு முந்தைய வாரம் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, யாருடைய சம்மதம் இல்லாமல் யாரைப் பற்றிப் பேசக்கூடாது என்று. எழுதியே வைத்துக்கொள்ளலாம். "அதைப் பத்திப் பேச விருப்பமில்லைங்க, என் பாட்டைப் பத்திக் கேளுங்க" என்கிற வாக்கியத்தைப் பாட்டைப் போலவே பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், இல்லாவிட்டால் கேமரா முன்னால் அது வாயில் வராது.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். ஒரு நிகழ்ச்சியில் அந்தப் பெண் தேர்வானபோது, அம்மா வேலைக்குப் போகிற உடுப்பிலேயே, தலையில் துண்டு, காலில் பூட்ஸோடு மேடைக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து, "டீச்சர், நான் வேலையைச் சொல்ல வெட்கப்படலை. ஆனா எம்மவ பாடுற இடத்துக்கு நான் பட்டுப் புடவை கட்டிக்கிட்டுத்தான் வருவேன்" என்றார். அப்படியே சொல்லச் சொன்னேன். சொன்னார், ஒத்துக்கொண்டார்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

படப்பிடிப்பு அன்றைக்கு, வரிசையில் நிற்கும்போது, பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, பேனாவோடு நீட்டுவார்கள். முன்கூட்டியே ஒரு நகலை அனுப்பும்படி போனிலேயே கேளுங்கள். நம் நாட்டில் 18 வயது நிறையாவிட்டால் அம்மா அப்பா கையெழுத்து வேண்டும், அதனால் அவர்களும் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் யாருக்கும் அந்த ஆங்கிலம் புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமோ, தெரிந்த வழக்கறிஞரிடமோ கொண்டுபோங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: நிகழ்ச்சி முடிந்த பிறகு எத்தனை மாதம் வேறு மேடையில், வேறு சேனலில் பாடக்கூடாது என்று இருக்கிறதா? கோயில் உபயத்தில் பாடுவதும் அதில் அடங்குமா? நீங்களே எழுதிய பாட்டை அங்கே பாடினால் அதன் உரிமை யாருக்கு? போக்குவரத்து, தங்கும் இடம், உடை, இதெல்லாம் யார் செலவு? முடிவை ஒளிபரப்புக்கு முன் வெளியே சொன்னால் தண்டம் எவ்வளவு? இந்தக் கடைசி விஷயத்தில் நம் ஊரில் ரொம்பக் கவனம் வேண்டும். ஒரு மாமாவிடம் ரகசியமாகச் சொன்னால் மாலைக்குள் மாமாக் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பள்ளிப் பிள்ளையாக இருந்தால் படப்பிடிப்புத் தேதிகளை எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) தேதியோடு வைத்துப் பாருங்கள். மோதினால் இந்த வருஷம் வேண்டாம். நிகழ்ச்சி அடுத்த வருஷமும் வரும்.

ஏழாம் படி: ஆடிஷன் நாள்

கோலாலம்பூரில் என்றால் முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். ரயில் நிற்கிறது, அதில் போனால் காடி ஓட்டுகிற களைப்பு மிச்சம். காலையில் வரிசையில் நின்றால் சில சமயம் மாலையில்தான் கூப்பிடுவார்கள், அதனால் பசியாறாமல் போகாதீர்கள், கையில் இட்லியோ ரொட்டியோ இருக்கட்டும். ஐஸ் தண்ணீர், காரச் சம்பல், பொரித்தது வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பிளாஸ்க். வரிசையில் நிற்கிறவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு பாடிக் காட்டாதீர்கள், உள்ளே போவதற்குள் தொண்டை காய்ந்துவிடும். ஐ.சி., படிவம், சார்ஜர், மாற்றுச் சட்டை ஒன்று.

நடுவர் பாதியில் நிறுத்தினால் அது தோல்வி என்று அர்த்தமில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். குறை சொன்னால் "நன்றி சார், திருத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள், வாதம் பண்ணினால் அந்த வாதம்தான் முன்னோட்டத்தில் வரும். சென்னைக்காரர்கள் முன்னால் சென்னைத் தமிழ் பேச முயல வேண்டாம். நம் பேச்சு நம் பேச்சாகவே இருக்கட்டும்.

எட்டாம் படி: ஒளிபரப்பும் அதற்குப் பிறகும்

நீங்கள் நாள் முழுக்க நின்றது திரையில் நான்கு நிமிஷமாக வரும். நடுவர் இன்னொருவருக்குச் சிரித்த சிரிப்பு உங்கள் பாட்டுக்கு நடுவில் ஒட்டப்பட்டிருக்கலாம், நீங்கள் அரை மணி நேரம் பேசியதில் இரண்டு வாக்கியம் மட்டும் வேறு அர்த்தத்தில் வரலாம். கேமரா இருக்கிற இடத்தில் எதைப் பேசினாலும் தனியாக வெட்டி எடுத்தாலும் தலை குனியாத மாதிரி பேசுவதுதான் இதற்கு ஒரே பாதுகாப்பு. ஒளிபரப்பான இரவு பிள்ளையின் போனை அண்ணனோ அக்காவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நிறத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் வருகிற கமெண்டைப் பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கக்கூடாது. ஓட்டுப் போடக் காசு ஆகிற நிகழ்ச்சி என்றால் வீட்டுச் செலவுப் பணத்தை அதில் போடாதீர்கள், ஊர்க்காரர்களிடமும் வசூல் பண்ணாதீர்கள்.

அந்தப் பட்டுப் புடவை அம்மாவின் மகள் மூன்றாவது சுற்றில் வெளியே வந்தாள். அவள் திரும்பி வந்த வாரம் எங்கள் கோயிலில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம், கோயிலில் பாடுவதற்குத் தடை இல்லை. தலைவரிடம் பேசி மூன்றாம் நாள் உபயத்தில் முதல் பாட்டை அவளுக்குக் கேட்டு வாங்கினேன். உங்கள் பிள்ளை திரும்பி வந்தாலும் இதே மாதிரி ஒரு மேடையை அந்த வாரத்துக்குள்ளேயே ஏற்பாடு பண்ணிவிடுங்கள், ஒரு மாதம் தள்ளிப் போட்டால் வாய் திறக்கமாட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு உறுமி வாசித்தது, மைலோ டின் மேல் போனை வைத்துப் பாடிய அந்தத் தம்பிதான்.